தவிட்டில் முளைத்த கயிறு

கற்றாழை நாரில் புதிதாகத் திரித்த கயிற்றுக்குத் தொண்டையில் கமறும் ஒரு பச்சை வாடை உண்டு. ஒன்பது வயதில் ஒருநாள் அந்த வாடையை இரண்டு கைகளாலும் தவிட்டுக்குள் புதைத்தேன்.

ஹனூரில் எங்கள் கட்டுத்தறியில் பிறந்து, என் கையால் அகத்திக்கீரை தின்று வளர்ந்த செவலைக் கிடாரிக்கு வாலடியில் ஒரு மயிர்ச்சுழி இருந்தது. "துடைப்பச் சுழி" என்பார்கள். குடும்பத்தையே கூட்டித் தள்ளிவிடுமாம். அந்த வருஷம் கிணறு வற்ற, பழி அவள்மேல் விழுந்தது. அப்பா விற்க முடிவுசெய்தார்.

குண்டலுபேட்டையிலிருந்து வந்த வியாபாரி, "சுழியெல்லாம் நான் பாக்கறதில்லீங்கண்ணா" என்று சிரித்தார். மாட்டை விற்றாலும் அதன் கயிற்றை நாங்கள் கொடுப்பதில்லை. கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடுவாள் என்று நம்பிக்கை. அதனால் வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். அதைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் மோர் குடித்த நேரத்தில்தான் நான் எடுத்தேன்.

கட்டிலடி, வேலியோரம் எல்லாம் தேடிவிட்டு, "உங்க கயித்தையே குடுங்கண்ணா" என்றார் வியாபாரி.

"அது மட்டும் ஆகாதுங்க. ஒண்ணும் பாக்கறதில்லீன்னீங்களே, காதப் புடிச்சு ஓட்டிட்டுப் போங்க" என்றார் அப்பா.

வியாபாரி கிடாரியைச் சுற்றிவந்து பார்த்தார். "சுழிய உடுங்கண்ணா. கயிறு தொலைஞ்சா, மாடு வரமாட்டேங்குதுன்னு அர்த்தம். எனக்கு வேண்டாம்."

வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

சாயங்காலம் தவிட்டுப் பீப்பாய்க்குள் கைவிட்ட அப்பா, "தவுட்டுல கயிறு மொளைச்சிருக்குது பாரு சாமி" என்றார். நான் கிடாரியின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அடுத்த சந்தையில் கயிற்றை உரியவரிடம் சேர்த்தவர், விற்கும் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் கிணறு நிறைந்தது. அவள் ஈன்றபோது, பால் வற்றாதிருக்க நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டியவரும் அப்பாதான். அந்தப் பாலில்தான் நான் மைசூரில் கல்லூரி முடித்தேன்.

கட்டுத்தறி இருந்த இடத்தில் இப்போது டிராக்டர் நிற்கிறது. சுழி பார்க்க அங்கே மாடே இல்லை. ஆனால் என் ஐந்து மாத மகளின் தலையில் இரட்டைச் சுழி இருக்கிறது. "அடங்கமாட்டாம்மா இவ. நாளைக்கு ஜனங்க வர்றப்போ குல்லா போட்டுவிடு" என்றார் மாமியார். வாங்கியும் வந்தேன். வேர்க்குமோ, போடாவிட்டால் மரியாதைக் குறைவோ என்று இரவெல்லாம் குழம்பினேன்.

இன்று விருந்தினர் வந்துவிட்டார்கள். மாமியார் வீடு முழுக்கத் தேடுகிறார். மகள் இரண்டு சுழியும் தெரிய என் மடியில் இருக்கிறாள். குல்லா அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது.