சவுக்குத் தோப்பில் கறுப்புத் தூள்

அண்ணன் பள்ளிக்கூட வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குச் சவுக்குமரப் பட்டை. அதன்மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

"இன்னாமா இது? மரத்துக்கு அம்மை போட்டாப்புல கீது."

நான் தாம்பரத்தில் பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறேன். அண்ணன், அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில், வண்டலூருக்கு மேற்கே சவுக்கு வைத்திருந்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் மனை போட்டு விற்றுவிட்டார்கள். அவர் விற்கவில்லை. கட்டடச் சாரத்துக்கு ஆகிற அளவு மரம் தேறி, அடுத்த வருடம் வெட்டலாம் என்றிருந்த நேரத்தில், ஒரு மூலையில் நுனி மஞ்சளாகி மரங்கள் நின்றபடியே காயத் தொடங்கியிருந்தன.

பள்ளி விட்டதும் அவரை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். கொப்புளத்தை ஊசியால் கீறினேன். உள்ளே அடுப்புக்கரி மாதிரி கறுப்புத் தூள். ஒரு சிட்டிகை எடுத்து ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன்.

இத்தனை வருடமாகப் பூஞ்சைப் பாடத்தை, வித்துகளைக் கரும்பலகையில் வட்டமாகப் போட்டே நடத்தியிருக்கிறேன். அந்த வட்டங்கள் இப்போது உயிரோடு என் கண்ணுக்குக் கீழே கிடந்தன. தேன் நிறத்தில், ஒன்றுபோலவே உருண்டையாய், எண்ண எண்ணத் தீராமல். ஸ்லைடை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அவைதான். அண்ணனைப் பார்க்கச் சொன்னேன்.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் குனிந்திருந்தார்.

"இத்துனூண்டா? இதுவா என் மரத்த சாச்சிது?"

"ஆமாண்ணா. காத்துல பறந்துபோய் இன்னொரு மரத்துக் காயத்துல ஒண்ணு உக்காந்தாலே போதும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அழகா கீதும்மா," என்றார்.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி மரநோய்களை ஆராய்கிறவள். அவளுக்குப் படங்களை அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே மின்சார ரயிலில் வண்டலூர் வந்து இறங்கிவிட்டாள். தோப்பில் ஒரு மரத்தருகே எங்களை நிறுத்தி, துணியால் மூக்கை மூடச் சொல்லி, பெரிய கொப்புளம் ஒன்றைக் கத்திமுனையால் தொட்டாள். அது பட்டென்று பிளந்தது. கறுப்புத் தூள் புகையைப்போல எழுந்து, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு மெல்ல வளைந்து பச்சையாய் இருந்த அடுத்த வரிசைக்குள் போனது.

"மருந்து இன்னாமா அடிக்கலாம்?" என்று அண்ணன் கேட்டார்.

"இந்த அளவுக்கு வந்த மரத்துக்கு மருந்து இல்லண்ணா. வேரோட எடுத்து இங்கயே எரிச்சிடணும். பக்கத்துல நல்லா இருக்கிற ரெண்டு வரிசையையும் எடுத்துட்டு, நடுவுல பள்ளம் வெட்டணும்."

"நல்லா கீறத எதுக்கும்மா வெட்டணும்?"

அவள் மண்வெட்டியைக் கேட்டாள். இரண்டு மரங்களுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினோம். அங்கே ஒரு மரத்து வேர் இன்னொரு மரத்து வேரைச் சுற்றி, அதன்மேல் இன்னொன்று படர்ந்து, எது எந்த மரத்துடையது என்று பிரிக்கவே முடியவில்லை. "காத்துல மட்டுமில்லண்ணா, இந்த வேர் வழியாவும் நோய் அடுத்த மரத்துக்குப் போயிடும்," என்றாள். வேர்களில் கொத்துக்கொத்தாய் முடிச்சுகள். அவை நோய் இல்லை, காற்றிலிருந்து மரத்துக்கு உரம் எடுத்துத் தரும் நுண்ணுயிர்களின் வீடு என்றாள் தோழி. வளர்ப்பதும் கண்ணுக்குத் தெரியவில்லை, கொல்வதும் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு நாங்கள் அதை எங்கள் தோப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் பள்ளத்தின் ஓரத்தில் குந்தி, அந்த வேர்ப்பின்னலைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சுண்ணாம்பு கரைத்துவந்து, வெட்ட வேண்டிய மரங்களுக்குத் தானே அடையாளம் போட்டார். நல்ல மரங்களில் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஆனால் ஒன்றையும் விடவில்லை.

வெட்டி எரிக்க ஒரு வாரம் ஆனது. தோப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பிறகும் நான்கு மரங்கள் காய்ந்தன, அவற்றையும் எடுத்தார். மற்றவை தப்பின. அடுத்த வருடம் அவற்றை நல்லபடியாக வெட்டி அனுப்பினார்.

ஆனால் எனக்கு அதைவிட மனதில் நிற்பது, எரித்த பிறகு வந்த முதல் மழை. அண்ணன் போன் செய்து உடனே வரச் சொன்னார். போனேன். சாம்பல் படிந்த கருத்த மண் முழுக்க, குங்குமப்பூ நிறத்தில் கடுகளவு கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்திருந்தன.

"இதுவும் அதுதானா?" என்றார். குரல் தணிந்திருந்தது.

படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். இதுவும் பூஞ்சைதான், ஆனால் நெருப்பு பட்ட மண்ணைத் தேடி முளைக்கிற வகை, மரத்தை ஒன்றும் செய்யாது என்று பதில் வந்தது. அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றையும் மிதித்துவிடாமல், ஓரமாகவே சுற்றி நடந்தார்.