பேராயரின் முடியும் மடவளைக் குஞ்சமும்

என் கணவரைப் பேராயராகத் தெரிவு செய்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் கைபேசியைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"என்னைத் தெரிவு செஞ்சிட்டாங்க."

"எதுக்குங்க?"

"பிஷப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்டியில் சின்னதொரு அங்கிலிக்கன் ஆலயத்தின் குரு அவர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற மனிதர். இனி எத்தனையோ ஆலயங்கள் அவர் பொறுப்பு! என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். பயத்தில்தான் சிரித்தோம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டி, "வீட்டில ஏதும் விசேஷமா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்வதற்குள் மறுபடியும் பொங்கிக்கொண்டு வந்தது.

அபிஷேக ஆராதனைக்கு இரவல் வாங்கிய முடி ஒன்றை அணிந்தார். பேராயர்கள் அணிவார்களே, முன்னும் பின்னும் கூராக உயர்ந்து நிற்குமே, அது. அவருடைய தலையோ பெரியது. முடி உள்ளே இறங்காமல் உச்சியில் குந்திக்கொண்டிருந்தது. விழுந்துவிடுமோ என்று ஆராதனை முழுவதும் கழுத்தைத் திருப்பாமலே நின்றார். "எவ்வளவு கம்பீரமா நின்னாரு!" என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அன்றிரவு அவர் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டது நான்தான்.

அடுத்த வாரமே அவரைக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள மடவளைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு முஸ்லிம் தையற்காரர் இருக்கிறார், அண்ணன் என்கிற முறையில் எல்லோரும் அவரை நானா என்போம். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லோருக்கும் சட்டை தைப்பவர். கல்யாண மாப்பிள்ளைமாருக்கு உடுப்புத் தைப்பதில் அந்தப் பக்கமெங்கும் பேர் பெற்றவர். நான் கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இது தொப்பியா, கிரீடமா?"

"ரெண்டுக்கும் நடுவில, நானா."

அளவு நாடாவைக் கணவரின் தலையைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை போட்டார். "மாஷா அல்லாஹ், பாதருக்கு நல்ல பெரிய தலதான் ஈக்கி. பயப்படாதீங்க, காத்தடிச்சாலும் அசையாம தச்சித் தாரன்."

சொன்னபடியே தைத்துத் தந்தார். வெண்பட்டு, உள்ளே விறைப்புத் துணி, கச்சிதமாகப் பொருந்தியது. பின்பக்கம் தொங்கும் இரண்டு பட்டிகளின் நுனியில் மட்டும், நாங்கள் கேட்காமலே, மாப்பிள்ளைத் தலைப்பாகைக்கு வைக்கிற பொன்சரிகைக் குஞ்சங்களைத் தடியாகக் கட்டியிருந்தார். "இது என்ட அன்பளிப்பு" என்றார். அதை எப்படி வெட்டுவது?

முதல் திடப்படுத்தல் ஆராதனை புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலயத்தில். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து விவரம் தெரிந்ததும், பேராயர் அவர்கள் தலையில் கைவைத்து ஜெபிக்கிற ஆராதனை அது. கம்பளை தாண்டியதும் எங்கள் வேன் புகை விட்டு நின்றது. சாரதியை வேனோடு விட்டுவிட்டு, அவ்வழியே வந்த ஒரு பஸ்ஸில் நாங்கள் ஏறினோம். அவர் ஊதா அங்கியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இஸ்ஸரஹட்ட யன்ன!" முன்னால் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தியபடி கொண்டக்டர் அவரையும் முன்னுக்குத் தள்ளினார். எனக்கு ஓர் இருக்கை கிடைத்தது. மடியில் கேக் பெட்டி. அதற்குள்தான் முடி.

"பேத்டேயா?" என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்.

"இல்லம்மா, என் தொப்பி" என்றார் அவர், நின்ற இடத்திலிருந்து.

"கேக் பொட்டியில தொப்பியா? பொய் சொல்லாதீங்க சாமி. காட்டுங்க பாப்போம்!"

பெட்டியைத் திறந்தார். நான் தடுப்பதற்குள் எடுத்து அணிந்தும் விட்டார். கூர்முனை பஸ் கூரையில் முட்டியது. முழங்காலை மடக்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஆடியபடி நின்றார். பின்வரிசையிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். எல்லோரும் கைதட்ட, எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்து கண்ணீர் வழிந்தது.

ஆலய வாசலில் தப்பு மேளம் அடித்து எங்களை வரவேற்றார்கள். வெள்ளை உடுத்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முழங்காலிட்டார்கள். நாலைந்து பேர் ஒழுங்காக முடிந்தது. அடுத்து வந்தவள் மிகவும் குள்ளமான ஒரு சிறுமி. அவளுக்காக அவர் நன்றாகக் குனிந்தார். முடியின் பின்னால் தொங்கிய பட்டி தோள் வழியாக முன்னுக்குச் சரிந்து, பொன்குஞ்சம் நேரே அவள் மூக்கில் உட்கார்ந்தது.

அவள் தும்மினாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படியொரு தும்மல்! பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவர் உதட்டைக் கடித்தார். தோள் ஆடுவதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, சமையலறைச் சிரிப்பு வரப்போகிறது என்று. வந்தது. அவர் சிரிக்க, அவள் சிரிக்க, ஆலயமே சிரித்தது. தப்படித்தவர் சுவரில் சாய்ந்துவிட்டார். கொஞ்சம் அடங்கியதும் என் கணவர் கையை அவள் தலையிலிருந்து எடுக்காமலே, ஈரக் கண்ணோடு, அந்த ஜெபத்தை முதலிலிருந்து சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாக ஜெபம் சொல்லி நான் கேட்டதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சிறுமி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பிஷப்புன்னா என்னா வேல செய்வீங்க?"

"இன்னும் சரியாத் தெரியாது தங்கச்சி. கூப்பிட்ட எடத்துக்குப் போவேன்."

"அப்ப எங்க வீட்டுக்கு வாங்க. அப்பா முதுகு ஒடிஞ்சு படுத்திருக்காரு. கோயிலுக்கு வர முடியல."

மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் ஓட, தேயிலைக்கு நடுவிலான வழுக்குப் பாதையில் ஏறினோம். ஓரிடத்தில் என் கணவர் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்தே விட்டார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், அவர்களுடைய அறைக்குள் போனதும் அவள் அப்பா எழும்ப முயன்றார். "படுங்க, படுங்க" என்று இவர் கட்டில் ஓரத்தில் அமர்ந்தார். அவள் அப்பா இவருடைய சேறு படிந்த அங்கியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, தும்மியும் காட்டினாள்.

"ஐயோ, சிரிக்க வைக்காத புள்ள, முதுகு வலிக்குது" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவள் அம்மா பிளேன்டீ கொண்டுவந்தார். மழை விட்டும் நாங்கள் எழும்பவில்லை.