தேசம்மா அக்காவும் பத்தாவது குண்டும்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் காலை வண்டியில் நான் கண்டக்டர். அன்று பாதி வண்டிக்கு டிக்கெட் கொடுத்து முடித்திருந்தேன். நண்டு வியாபாரத்துக்குப் போய்வரும் ஒரு பெண்மணி டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டே, "தெரியுமா கண்டக்டரே, நம்ம ஏலக்கார தேசம்மா விடியக்காத்தால பூட்டாங்களாம். தூக்கத்துலயே உசுரு போயிடுச்சாம்" என்றார். என்னையறியாமல் விசிலை ஊதிவிட்டேன். வண்டி நின்றது. இறங்க ஆளில்லை, ஏறவும் ஆளில்லை. இரண்டு பக்கமும் உப்பு நிலம்தான். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாய்யா, யாரு எறங்கணும்?" என்று கத்தினார். யாருமில்லை என்று கையை ஆட்டிவிட்டு இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி கிளம்பியது.

கோட்டைக்குப்பம், தோணிரேவு, பழவேற்காடு என்று எந்த ஊரில் நீங்கள் இருந்தாலும் அக்காவின் குரலைக் கேட்டிருப்பீர்கள். ஏலக்கூடத்தில் அவர் இறாலுக்கு விலை கூவினால் படகுத்துறையில் நிற்பவனுக்கும் அது விளங்கும். ஆனால் நான் எழுத வந்தது ஏலக்கார தேசம்மாவைப் பற்றி அல்ல. எங்கள் ஏர் ரைஃபிள் கழகத்தின் ரேஞ்ச் ஆபீசர் தேசம்மாவைப் பற்றி. போட்டியில் எப்போது சுடலாம், எப்போது கூடாது, யார் வெளியே போக வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் முழுக்க அவருடையது. அந்த அதிகாரத்தால் அடிபட்டவர்களில் முதல் ஆள் நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இறுதி ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் கழகத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் ரைஃபிள்களோடு வந்து நின்றார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செலுத்த வேண்டுமாம். அக்காவின் மகன் முருகன் அழுதுகொண்டிருந்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயய்யோ, வேணாம்பா. ஜனத்துக்கு நடுவுல துப்பாக்கி எடுத்தீங்கன்னா எங்கம்மா எழுந்து வந்து உங்கள டிஸ்குவாலிஃபை பண்ணிட்டு மறுபடியும் படுத்துக்கும்" என்றான். சாவு வீட்டில் அத்தனை பேரும் சிரித்தோம். பிள்ளைகள் துப்பாக்கிகளை உறையில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

அக்கா ரைஃபிள் பக்கம் வந்த கதை வேடிக்கையானது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த எங்கள் சுபேதார், காலியாகக் கிடந்த புயல் பாதுகாப்புக் கூடத்தில் ஆறு பேர் வரிசையாக நின்று சுடும்படி ஒரு ரேஞ்ச் அமைத்தார். பத்து மீட்டர் தூரம், எதிர்ச் சுவரில் குறி அட்டை, ஆளுக்குப் பத்துக் குண்டு. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுதான் சரியில்லை. சுபேதார் ராணுவ மிடுக்கோடு இங்கிலீஷில் உத்தரவு போடுவார், எங்கள் ஆட்கள் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார்கள். ஒருநாள் அட்டை மாற்ற ஒருவன் முன்னால் போயிருக்கிறான், இங்கே இன்னொருவன் குறி பார்க்கிறான். சுபேதாரின் கத்தல் எவனுக்கும் எட்டவில்லை. அந்நேரம் மகனுக்குச் சோறு கொண்டுவந்த அக்கா வாசலில் நின்றபடியே "நிறுத்து!" என்றார். ஆறு துப்பாக்கியும் தாழ்ந்தன. வெளியே கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சுபேதார் அன்றைக்கே தன் விசிலைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். "இது எனக்கு எதுக்கு?" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குரலைவிடப் பெரிய சொத்து அவர் கண். ஏலத்தில் வியாபாரிகள் வாய் திறக்கமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் விரலை லேசாகத் தூக்குவார், இன்னொருவர் துண்டுக்கு அடியில் விரலை மடக்குவார். முப்பது நாற்பது கைகளில் எந்த விரல் அசைந்தது என்று பார்த்துக்கொண்டே விலையை ஏற்றுவது அக்காவின் தொழில். அப்படிப்பட்ட கண்ணுக்கு ஆறு பேரின் விரல் எம்மாத்திரம்? 'சுடு' என்று சொல்வதற்கு முன்னால் எவன் விரலாவது விசைக்குள் நுழைந்தால் போதும், "மூணாவது ஆளு, விரலு வெளிய!" என்று குரல் வரும். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை வெளியே. மூன்றாவது தடவை என்ற பேச்சே அவரிடம் கிடையாது. குழலை ஆட்கள் பக்கம் திருப்பினால் எச்சரிக்கையே இல்லை, நேராக வெளியே.

யார் எந்த இடத்தில் நின்று சுடுவது என்பதிலும் முன்பெல்லாம் தகராறு வரும். ஜன்னல் ஓரத்து இடத்தில் ஏரியின் வெளிச்சம் கண்ணைக் கூசும், அங்கே நிற்க யாருக்கும் விருப்பமில்லை. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பதை எங்கள் பக்கம் பாடு என்பார்கள். அக்கா ஒரு எவர்சில்வர் சொம்பில் ஆறு சீட்டுப் போட்டுக் குலுக்கி, "இதுவும் பாடுதான். எடு" என்று நீட்டினார். அத்தோடு வாய்ச்சண்டை நின்றது. ஏரியிலேயே பாடு முறையை மதிக்கிற ஆள் ஜன்னலுக்காக எப்படிச் சண்டை போடுவான்?

ஒரு வருடம் தொடக்கவிழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். படம் எடுக்க அவர் கையில் யாரோ ரைஃபிளைக் கொடுத்துவிட்டார்கள். அவரும் ஒற்றைக் கண்ணை மூடி, விசையில் விரலை வைத்து, படம் எடுப்பவரையே குறி பார்த்தார். "ஐயா, கீழ!" என்றார் அக்கா. பெரிய மனிதர் பயந்துபோய்த் துப்பாக்கியைத் தாழ்த்தினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு புது அட்டையைக் கையில் கொடுத்து, "இத்த புடிச்சிகினு சிரிங்க, படம் நல்லா வரும்" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சிலேட்டு பிடித்ததுபோல் அவர் நிற்கும் அந்தப் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் மோசமாகச் சுடுபவன் இல்லை. ஆடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்துப் பழகிய கால்கள் என்னுடையவை. மற்றவர்களுக்கு நின்றுகொண்டு சுடுவதுதான் கஷ்டம், எனக்கு அதுதான் சுகம். மூன்று ஊர்ப் போட்டியில் இரண்டு வருடம் முன்பு ஒன்பது குண்டு சுட்டு முடித்தபோது நான் எல்லோரையும் விட முன்னால் இருந்தேன். ஜெயித்தால் கோப்பை எங்கள் கோட்டைக்குப்பத்துக்கு, எனக்கு மாவட்டப் போட்டிக்கு வாய்ப்பு. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "கண்டக்டர்!" என்று கூப்பிட்டது.

இருபத்தாறு வருடமாக அந்த வார்த்தைக்குத் திரும்பிப் பார்க்கிறவன் நான். தூக்கத்தில் கூப்பிட்டாலும் திரும்புவேன். அன்றும் திரும்பினேன், கையிலிருந்த ரைஃபிளோடு. முதல் வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பிள்ளைகள் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். "நிறுத்து!" என்று அக்கா சொன்னதும், குழலை அவர் கை அழுத்திப் பிடித்துத் தரையைப் பார்க்க வைத்ததும் ஒன்றாக நடந்தன. ரைஃபிளை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, குழலை மடித்து, குண்டு போடும் துளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெளிய போ, நைனா" என்றார். அதட்டல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

கூப்பிட்டது தோணிரேவு அந்தோணி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதிர் ஊர்க்காரன் வேணும்னே கூப்ட்டான், அவன அனுப்பாம என்ன அனுப்பறியா?" என்று கத்தினேன். "அவன் கைல இன்னா இருந்துச்சி? முறுக்கு. உன் கைல இன்னா இருந்துச்சி?" என்று கேட்டார் அக்கா. அந்தோணியும் தப்பவில்லை, அடுத்த போட்டி வரைக்கும் கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று அவனுக்கும் தண்டனை. பாவம், அவன் கேட்க வந்தது ஆறரை மணி வண்டி உண்டா என்பதுதானாம். அதைப் பிறகு அவனே என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வரவில்லை. கோப்பை தோணிரேவுக்குப் போனது.

நான் சும்மா இருக்கவில்லை. என் அட்டையில் ஒன்பது ஓட்டைதான், பத்தாவது குண்டை நான் போடவே இல்லை, காலித் துப்பாக்கிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். அக்காவின் மகளைத் தோணிரேவில் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த ஓரவஞ்சனை என்றும் சொன்னேன். கடைசியில், ரேஞ்ச் ஆபீசரை மாற்ற வேண்டும் என்று கழகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

கூட்டம் அதே கூடத்தில் நடந்தது. சுபேதார் நல்ல மனிதர், அக்காவைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "தேசம்மா, ஒரே கேள்வி. நீங்கதான் துப்பாக்கிய மடிச்சுப் பாத்தீங்க. உள்ள குண்டு இருந்துதா, இல்லையா? இருந்துதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா பேச்சு முடிஞ்சுபோச்சு" என்றார்.

"அத்த இன்னாத்துக்கு இப்ப கேக்கற?"

"சொல்லுங்கம்மா. உங்களுக்குத்தான் நல்லது."

"இருந்தா ஒரு சட்டம், இல்லனா ஒரு சட்டமா? திருப்பினான். அனுப்ச்சேன். அவ்ளோதான்."

"அப்ப காலிதான்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கூடம் முழுக்க அதையே முணுமுணுத்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் கூட நான் தாங்கியிருப்பேன், பார்க்கவே இல்லை. கை தூக்கச் சொல்லலாமா என்று சுபேதார் யோசிக்கும்போது நான் எழுந்து, மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கை தட்டினார்கள். கண்டக்டருக்குப் பெரிய மனசு என்றார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நாலைந்து மாதம் கழித்து, பொன்னேரியில் வேலை முடிந்து அக்கா என் வண்டியில் ஏறினார். கடைசி சீட்டில் காலி அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் போய் நின்றேன். "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. வண்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லப்போகிறார் என்று பயந்தேன். ஆனால் அக்காவுக்குத் தணிந்த குரலும் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"உன் மானத்த காப்பாத்தினேன்னு நெனச்சிகினியா? போடா. இருந்துச்சின்னு சொல்லியிருந்தா, குண்டு இருந்ததாலதான் அனுப்ச்சேன்னு ஆயிடும். அப்பால நாளைக்கு ஒருத்தன், என்துல ஒண்ணும் இல்லன்னு சொல்லிகினே திருப்புவான். அவன நான் எப்படி வெளிய அனுப்ப முடியும்?"

"உன் வேல போயிருந்தா?"

"போனா போவுது. ஏலக்கூடம் இருக்குதே. அது சரி, எனக்கு டிக்கெட்டு குடுத்தியா நீ?"

கொடுக்க மறந்திருந்தேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

அடுத்த போட்டிக்கு அக்கா எப்போதும்போல் வந்தார். அந்தோணியை உள்ளே விட்டார், வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு. எனக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. "விரலு இந்த வாட்டி ஒழுங்கா இருந்துச்சி" என்றார். கோப்பை வாங்கியவர்களுக்குக் கூட அப்படி ஒரு பாராட்டு கிடைக்கவில்லை.

போன வாரம் கழகத்தார் என் வீட்டுக்கு வந்தார்கள். வரும் போட்டிக்கு அக்காவின் இடத்தில் நான் நிற்க வேண்டுமாம். குரல் இருக்கிறது, பெரிய மனசு இருக்கிறது என்றார்கள். முதலில் ஒன்று எழுதித் தருகிறேன், அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த எழுத்துதான் இது.

அன்று துப்பாக்கி காலியாக இல்லை. பத்தாவது குண்டைப் போட்டுக் குழலை மூடிய பிறகுதான் திரும்பினேன். என் விரல் விசைக்குள் இருந்தது. குழல் போய் நின்ற இடத்தில் இருந்த மூன்று பிள்ளைகளில் நடுவில் இருந்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. இது அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் இருக்கும்போதே நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போட்டேன், அவர் போய்விட்டார். கையெழுத்துப் போட்ட பதினேழு பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அக்காவின் மகளிடமும் கேட்கிறேன்.

அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது ஒரு பயம். காலி என்று தெரிந்த துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் வருகிற பயம். அது போதுமா, அந்த இடத்தில் என்னை நிற்க விடலாமா என்று இதைப் படித்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்று சொன்னால் இந்தத் தடவை நான் மனு எழுதமாட்டேன்.