புளியங்கொட்டையில் வந்த பதில்

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார்! அதுவும் ஒரு பசைச் சட்டி வழியாகக் கேட்டார். சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

என் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. ஐந்து வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் நாலு ஊசி. ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். காலைப் பிடித்து இழுத்து ஊசி போட்டுவிட்டு, அடுப்படியில் நின்று அழுவேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறேன். இன்சுலினை விழுங்கினால் வயிற்று அமிலம் அதை அழித்துவிடும். அதனால் புளியங்கொட்டைப் பசையையும் கடற்பாசிப் பசையையும் கலந்து, குட்டி மணிகளாக்கி, உள்ளே இன்சுலினைப் பொதிந்து வைத்தேன். வயிற்றைத் தாண்டி, குடலில் போய்த்தான் மணி திறக்க வேண்டும். பாழாய்ப்போனது, அமிலத்தில் போட்ட அரை மணி நேரத்தில் கரைந்தது. பதினோரு தடவை!

"இன்னும் ஒரு தடவைதாம்மா. அப்புறம் வேற தலைப்பு பாத்துக்குவோம்" என்றார் என் பேராசிரியர். அன்று மாதா சுரூபத்தின் முன்னால் சண்டையே போட்டேன். "நீயும் பிள்ளை பெத்தவதான? எனக்கு ஒரு வழி காட்டு!"

அந்த வாரம் பங்குத் திருவிழா. சப்பரத்துக்கு வண்ணத்தாள் ஒட்ட எங்கள் கோயிலில் இன்றும் புளியங்கொட்டைப் பசைதான். ஆய்வகத்தில் மிஞ்சிய பொடியைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காய்ச்சினேன். ஒட்டிய தாளெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை சவரிமுத்து அண்ணன் பொடியை மோந்து பார்த்தார்.

"ஏத்தா, கொட்டைய இம்புட்டுக் கருக்கியா வப்ப? பசை செத்துப்போகும்ல. லேசா சூடு காட்டி இடி, தொலி தன்னால கழலும்."

பதினோரு தடவையும் மணி செய்தது இதே பொடியில்தான்! சின்ன வயதில் கொறிக்க வறுப்போமே, அதேபோல மணக்க மணக்க வறுத்திருக்கிறேன்! அத்தனை படித்தும் தோன்றவில்லை.

அவர் சொன்னபடி பொடித்துப் புது மணி செய்தேன். இரண்டு மணி நேரம் அமிலத்தில் கிடந்தது மணி. கரையவில்லை! குடல்நீர் போன்ற கரைசலில் போட்டதும் திறந்து இன்சுலினை விட்டது. அங்கேயே முழங்காலில் விழுந்தேன்.

வீட்டுக்கு ஓடி வந்து ஜெனியிடம் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு ஊசி கிடையாதாம்மா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இருக்குத்தா. இப்பதான் கண்ணாடிக் குவளையில ஜெயிச்சிருக்கு. மனுசருக்கு வர பல வருசம் ஆகும்."

கையை நீட்டினாள். "சரி, அது வார வரைக்கும் நானே போட்டுக்கிறேன். குடு."

நான் கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு. பிள்ளைக்கு ஊசி போடும் அம்மா அப்பாமாரே, ஊசியை நிறுத்தாதீர்கள், ஜெபத்தையும் நிறுத்தாதீர்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இப்போது செருப்பு மட்டும்தான் கிடக்கிறது.