டிக்கெட் ஜன்னலில் கேப்பை அடை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர்ப் பழைய ஸ்டேஷன். அகலப்பாதை போட்டபோது தண்டவாளம் தள்ளிப் போய்விட்டது. கட்டடம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதன்பிறகு அங்கே குடியிருந்தவை ஆடுகளும் சீட்டாட்டமும்தான். இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் மகளிர் குழு மனு மேல் மனு கொடுத்து, டிபன் கடை நடத்த அனுமதி வாங்கியது. பொங்கல் வரைக்கும் பார்ப்போம், கடை ஓடாவிட்டால் இடிப்பதுதான் என்றார் ரயில்வே அதிகாரி.

ஆட்டுப் புழுக்கையை அள்ளி, வெள்ளையடித்து, மேசை நாற்காலி போட்டோம். ஆனால் ஒரு வாரம் ஈதான் ஓட்டினோம். கேப்பை அடை வாசனைக்கு வாசல்வரை வருவார்கள், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், அப்படியே திரும்பிவிடுவார்கள். மீந்த அடையைத் தின்றே எங்கள் வீட்டுக்காரர்களுக்கு அலுத்துவிட்டது.

குழுத் தலைவி என் நாத்தனார். பொறுமைக்கும் அவளுக்கும் வெகுதூரம். வாசலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்ற ஒருவரை மடக்கினாள்.

"ஏண்ணே, வாசல்லயே நின்னுக்கினு கீறீங்க? உள்ள வாங்க."

"உள்ள வந்து குந்தினா ஃபைன் போட்ருவாங்கம்மா. கையில டிக்கெட் இல்லியே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரயில் தள்ளிப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் அதே பிளாட்பாரத்தில் பிடிபட்டு எங்கள் ஊர்க்காரர்கள் அழுத அபராதம் கொஞ்சமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"டிக்கெட்டுதான வோணும்? குடுத்துட்டாப் போச்சு" என்றாள் நாத்தனார்.

துருப்பிடித்துக் கிடந்த டிக்கெட் ஜன்னலை அன்றைக்கே தட்டித் திறந்தோம். அட்டையை வெட்டி அடை, டீ என்று எழுதினோம். நான் உள்ளே உட்கார்ந்து கொடுத்தேன். அட்டை கைக்கு வந்ததும் பார்க்கவேண்டுமே, அதே மனிதர் மீசையை நீவிக்கொண்டு போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். செய்தி ஊர் முழுக்கப் பரவியது. மறுவாரம் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது.

பொங்கல் நெருங்கும்போது அதிகாரி பார்க்க வந்தார். விறுவிறுவென்று உள்ளே நுழையப் பார்த்தவரை வரிசையில் நின்றவர்கள் விடவில்லை.

"சார், நாங்கல்லாம் நின்னுக்கினு கீறோம்ல? பின்னாடி வாங்க."

மனிதர் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்ததும் ஜன்னலுக்குள் கையை நீட்டி அடை கேட்டார். தின்று முடித்து இன்னொன்றுக்கும் வந்து நின்றார். போகும்போது, "இனிமே இடிக்கிற பேச்சே இல்லம்மா, நீங்களே நடத்துங்க" என்றார்.

அன்றைக்கு அந்த ஜன்னலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த மிடுக்கில் எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் உட்கார்ந்திருக்க மாட்டார்.