பிஸ்டன் மட்டும் மாற்றிய வண்டி

டைபாய்டில் என் கணவர் பிழைத்து எழுந்தால் இருவரும் வேளாங்கண்ணிக்கு வருகிறோம் என்று மாதாவிடம் நேர்ந்திருந்தேன். எழுந்தார். பஸ்ஸில் போகலாம் என்றேன். செஞ்சி ரைஸ் மில்லில் இன்ஜின் ஓட்டியவர் அவர், கேட்பாரா?

"நம்ம வண்டி இன்னாத்துக்கு இருக்குது? ரெண்டு பேரு, மூட்டை, அவ்ளோ தூரம். கொஞ்சம் பலம் மட்டும் ஏத்தணும்" என்றார்.

பழைய மோட்டார் சைக்கிள் அது. மெட்ராஸிலிருந்து புது பிஸ்டன் ஒன்றை வரவழைத்து அவரே மாட்டினார். பெட்ரோலை இன்னும் இறுக்கி அமுக்கும், இழுவை கூடும் என்றார். மற்றதெல்லாம் பழையபடியே இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து, ஓட்டிப் பார்க்கத் திண்டிவனம் ரோட்டில் கிளம்பினோம். செஞ்சிக் கோட்டை மலை பின்னால் மளமளவென்று சிறுத்துப் போனது. அத்தனை வேகம் அந்த வண்டிக்கு வழக்கமே இல்லை. ஒரு மேட்டில் ஏறும்போது கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல இன்ஜினுக்குள் சத்தம்.

"ஏங்க, இன்னா சத்தம் இது?"

"ஒண்ணுமில்ல, புடிச்சிக்கோ."

சொல்லி வாய் மூடவில்லை. இன்ஜின் இறுகி நின்றது. பின்சக்கரம் சுற்றாமல் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு வழுக்கியது. பின்னால் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரி ஹாரனை விடாமல் அழுத்தியபடி வந்துகொண்டிருந்தது. மாதாவே என்று கத்தி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் கிளட்ச்சைப் பிடித்துவிட்டார். சக்கரம் விடுபட்டு, வண்டி ஓரத்து மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. உரசுகிற தூரத்தில் லாரி கடந்து போனது.

வண்டியை நிமிர்த்தி, திண்டிவனம்வரை இருவரும் தள்ளிக்கொண்டே போனோம்.

திண்டிவனத்தில் அவருக்குச் சிநேகிதரான ஒரு மெக்கானிக், இன்ஜினைப் பிரித்து, கீறல் விழுந்த பிஸ்டனைக் காட்டினார். "பிஸ்டன மாத்திட்டு கார்புரேட்டர வுட்டுட்டியே. பத்தாத பெட்ரோல்ல சூடேறிப் புடிச்சிக்கிச்சு."

பழைய பிஸ்டனையே போடச் சொல்லிக் கெஞ்சினேன். என் கணவர் கொஞ்சம் யோசித்து, "ஒண்ணுக்கொண்ணு சேர்றதா பாத்துப் போட்டுக்கலாமே" என்றார். பிறகு அவரும் மெக்கானிக்கும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள்: அவ்வளவு இறுக்காத ஒரு பிஸ்டன், அதற்கேற்ற அளவு பெட்ரோல் விட கார்புரேட்டருக்குப் பெரிய துளையுள்ள ஜெட், நெருப்புப் பொறி விழும் நேரத்தையும் மாற்றி வைப்பது.

"ஓடறதுக்குத்தான் எல்லாம் பாக்குறீங்க. நிக்கறதுக்கு?" என்று நான் கேட்டேன்.

மெக்கானிக் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. பிரேக் கட்டைகளும் புதிதாயின.

வேளாங்கண்ணிக்குப் போனோம். வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. நான்தான் கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம் என்று வழிநெடுக இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். சத்தம் லேசாக மாறினாலும் அவர் இடுப்பில் என் விரல்கள் இறுகின. அந்த ஊர்கள் எதுவும் கண்ணில் பதியவேயில்லை. மாதா முன்னால் மண்டியிட்டபோது நன்றி சொல்ல வந்ததே மறந்து, திரும்பிப் போகும் வழிக்காகத்தான் வேண்டினேன்.

வெளியே வந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார். "இவ்ளோ பயந்துக்கிறியே, நீ பஸ்ல வர்றியா?"

"நீங்க ஒத்தையில ஓட்டிக்கினு வர்றத நெனச்சிக்கினு பஸ்ல குந்தியிருக்க என்னால ஆவாது" என்றேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.