கண்டக்டர் பரசுராமனின் கண்ணுக்குத் தெரியாத பயணிகள்

பரசுராமன் அரசு பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பஸ்தான் அவரை இன்னும் விடவில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக ஒரு லாட்ஜ் வைத்திருக்கிறார். கீழே வீடு, மேலே எட்டு அறைகள். வருகிறவர்களிடம் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க" என்றுதான் சொல்வார். பழைய விசில் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. நான் அய்யூப், பக்கத்தில் மோட்டார் ரிப்பேர் கடை. அந்த விசில் சத்தத்தில் எத்தனை முறை ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டேன் என்று என் கட்டைவிரலைத்தான் கேட்க வேண்டும்.

மனுஷன் சரியான ரோஷக்காரர். மகள் கீர்த்தனாவைக் கடலூரில் கொடுத்தார். சம்பந்தி பலராமனுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலைக்கடை. வாய் கொஞ்சம் நீளம். கல்யாணம் முடிந்து விருந்துக்குப் போன பரசுராமனை, தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே கறுத்த தண்ணீர், மேலே நுரை, நுரைக்கு மேலே பிளாஸ்டிக்.

"பாருங்க சம்பந்தி, உங்க ஊரு சீர்வரிசை! தட்டு தட்டா வந்துகிட்டே இருக்கு. வாங்கி வைக்க எடமில்லாம எங்க மீனுங்கல்லாம் ஓடிப்போச்சு!"

பரசுராமனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் லாட்ஜின் கக்கூஸ் குழாயும் பின்பக்க ஓடையில்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. ஓடை ஏரிக்கு, ஏரி துரிஞ்சலாற்றுக்கு, அது தென்பெண்ணைக்கு, தென்பெண்ணை சம்பந்தி வீட்டு வாசலுக்கு. ஊர் ஊராக டிக்கெட் கிழித்த மனுஷனுக்கு இந்த ரூட் மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"நடுவுல ஒரு ஸ்டாப்பிங் இல்லாம நேரா கடலுக்கே போயிருக்கு பாய்" என்று என்னிடம் புலம்பினார்.

"அப்ப நீங்களே ஒரு ஸ்டாப்பிங் கட்டுங்க" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். கட்டியே விட்டார்.

டவுனிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்து போட்டுக்கொடுத்த திட்டம் அது. அவர் பெயர் எழில். முதல் தொட்டியில் கசடு அடியில் தங்கும். இரண்டாவது தொட்டியில் ஒரு மோட்டார் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்னும். மூன்றாவதில் தண்ணீர் தெளிந்து, கல்வாழைப் பாத்தி வழியாக வடிந்து, வாழைக்குப் போகும். மிச்சம்தான் ஓடைக்கு. கிருமி என்று சொன்னால் பரசுராமனுக்குக் கோபம் வரும். "பயணிங்கன்னு சொல்லுங்க பாய்!" என்பார். தினமும் தொட்டி ஓரம் நின்று விசில் ஊதி விசாரிப்பார். தொட்டி நன்றாக ஓடினால் மழை பெய்த மண் வாசனைதான் வரும். நானே மோந்து பார்த்திருக்கிறேன், சத்தியமாக.

கீர்த்தனாவுக்கு வளைகாப்பு நடந்தது. அதோடு தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். பலராமனின் மனைவி சந்திரம்மாள் அனுப்பவில்லை. முதன்முதலில் வீடு பார்க்க வந்தபோது முந்தானையால் மூக்கைப் பொத்தியவர், திரும்பிப் போகிற வரைக்கும் எடுக்கவே இல்லை. அப்போது தொட்டி கிடையாது. அந்த நாற்றம் அவருக்கு மறக்கவில்லை.

"பௌர்ணமிக்குக் கிரிவலம் வரோம். அப்ப வந்து பாக்கறேன். நாத்தம் இல்லனா பொண்ண விட்டுட்டுப் போறேன். இருந்துச்சுன்னா வந்த கார்லயே அழைச்சிகிட்டுப் போயிடுவேன். வாயும் வயிறுமா இருக்கறவளுக்கு நல்ல காத்து வேணாமா?" என்று போனில் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டதிலிருந்து பரசுராமனின் மனைவி ஜோதியம்மாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் பக்கத்து லாட்ஜ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பௌர்ணமி நெருங்கினால் பினாயிலைக் கொட்டிக் கழுவுவார்கள். வாடை மூக்கைத் துளைத்தால்தான் சுத்தம் என்று பெயர். ஜோதியம்மாளும் பௌர்ணமிக்குச் சில நாள் முன்னால், பரசுராமன் கீழ்பென்னாத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நேரமாகப் பார்த்து, எட்டு அறைக் கக்கூஸிலும் கேன் கேனாகப் பினாயிலை ஊற்றினார். அது போதாதென்று மூட்டையோடு ப்ளீச்சிங் பவுடர் வேறு. மகள் வருகிறாளே! தரை கண்ணாடியாக மின்னியது. அத்தனையும் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போனது.

மறுநாள் காலையில் விசில் வரவில்லை. "பாய்!" என்று ஓர் அலறல்தான் வந்தது. ஓடினேன். தொட்டி சாம்பல் பூத்துக் கிடந்தது. அழுகின முட்டை வாடை. யா அல்லா, வாழை மரமே முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

"வண்டி கவுந்துடுச்சு பாய். ஒரு பயணி கூட பொழைக்கல" என்றார் பரசுராமன்.

"நான் சுத்தம்தான பண்ணேன்?" என்றார் ஜோதியம்மாள்.

"உறை மோர்ல கொதிக்கற தண்ணிய ஊத்திட்டியேடி!"

ஜோதியம்மாள் அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "எம்பொண்ணு எங்கிட்ட வர முடியாம நானே பண்ணிட்டேனே" என்று அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைச் சிந்திக்கொண்டே ஜோதியம்மாளே கேட்டார்: "உறை கெட்டுப்போனா பக்கத்து வீட்ல வாங்குவோம். இதுக்கு அப்படி யாரும் தர மாட்டாங்களா?"

எழிலுக்குப் போன் போட்டோம். தருவார்கள் என்றார். தொட்டியைக் காலி செய்து, நன்றாக ஓடுகிற வேறொரு தொட்டியின் கசடைக் கொண்டுவந்து ஊற்றி, வெல்லத் தண்ணீர் கொடுத்து, காற்றை நிறுத்தாமல் விட்டால் பிழைக்கும். "ஆனா சார், பௌர்ணமிக் கூட்டத்த மட்டும் அதுக்கு மேல ஏத்திடாதீங்க. தாங்காது" என்றார்.

டவுனில் ஒரு பெரிய ஓட்டலில் கசடு கொடுத்தார்கள். ஆட்டோக்காரன் எவனும் ஏற்றவில்லை. பால் கேன்களில் நிரப்பி டவுன் பஸ்ஸிலேயே ஏறிவிட்டோம். கண்டக்டர் இளவரசன், பரசுராமனிடம் வேலை கற்றவன்.

"கேன்ல என்னண்ணா?"

"உறைப்பா."

"தயிருக்கா?"

"ம்."

பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தர் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார். "நல்ல கெட்டியா இருக்குமா? எனக்கும் கொஞ்சம் ஊத்துங்களேன்." பரசுராமன் சட்டென்று மூடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். இறங்குகிற வரைக்கும் எழவே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததில் விலா பிடித்துக்கொண்டது.

ஜோதியம்மாள் குண்டான் குண்டானாக வெல்லம் கரைத்தார். நான் மோட்டாருக்குப் புது பேரிங் போட்டுக் கொடுத்தேன். வாடை கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியானது. ஆனால் போகவில்லை.

பௌர்ணமி அன்று பாதை கொள்ளாத கூட்டம். சாயங்காலம் கடலூர் கார் வந்து நின்றது. பலராமன் இறங்கினதும் நேராகப் பின்பக்கம் போனார். கீர்த்தனா வயிற்றைத் தாங்கிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தாள். மாமியார் சொன்னால்தான் இறங்குவாள். சந்திரம்மாள் தொட்டி ஓரம் வந்து நின்றார். லேசாக வாடை இருந்தது, பொய் சொல்வானேன். அவர் கை முந்தானைக்குப் போனது.

அப்போதுதான் அவர் மாடியைப் பார்த்தார். எட்டுக் கதவிலும் பூட்டு.

"பௌர்ணமியும் அதுவுமா எல்லா ரூமும் பூட்டிக் கெடக்குது? ஊரே எடமில்லாம அலையுதே!"

பரசுராமன் சர்வீஸில் ஒரு நாள் கூட பஸ்ஸைக் காலியாக எடுத்ததில்லை என்று பெருமை பேசுகிறவர். அவர் சொன்னார்:

"தொட்டிக்கு ஒடம்பு சரியில்லம்மா. இன்னிக்குக் கூட்டம் ஏத்தினா செத்துடும். இருக்கறது ஒரே சீட்டுதான். அத எம்பொண்ணுக்குத் துண்டு போட்டு வச்சிருக்கேன்."

சந்திரம்மாளின் கை முந்தானையை விட்டது.

"ஒடம்பு எப்படிக் கெட்டுச்சு?"

"நான்தாங்க" என்றார் ஜோதியம்மாள். "நீங்க வரீங்கன்னு பினாயில ஜாஸ்தியா ஊத்திட்டேன்."

சந்திரம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. "நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன் அண்ணி!" கார் பக்கம் திரும்பி, "எறங்குடி கீர்த்தனா, ஒங்கம்மா வீடு வந்துடுச்சு" என்றார். இறங்கின மகளை ஜோதியம்மாள் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

கிரிவலம் முடித்துக் கிளம்பும்போது சந்திரம்மாள் ஒரு நிபந்தனை போட்டார். மிச்சமிருக்கிற பினாயில் கேன் எல்லாம் அவரோடு வர வேண்டும். பேரப்பிள்ளை பிறக்கிற வரைக்கும் கடலூரில் பூட்டி வைத்திருப்பாராம். ஜோதியம்மாள் மறுபேச்சில்லாமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கார் டிக்கியில் வைத்தார்.

பலராமன் டிக்கியை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயய்யோ சம்பந்தி! ஆத்துல வந்த சீர்வரிசை இப்ப கார்லயே வருதா?"

பரசுராமன் பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஊதினார். "ரைட், ரைட்! வழியில எங்கயும் எறக்கிடாதீங்க!"